வீட்டுமனையும் வேலைப் பாதுகாப்பும்: சட்டமன்ற உறுப்பினரிடம் எதை, எப்படிக் கேட்பது?

கேள்வி: கெடிலக்கரை (கடலூர் முதுநகர்)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் ஆகிய ஊர்களில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களும், துறைமுகத்தில் மீன் கூடை சுமந்து பிழைப்பவர்களும், கெடிலம் ஆற்றங்கரையில் தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்பவர்களும் சேர்ந்து, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதற்காக ஒரு மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அவர் யார், எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதை இங்கே விவாதப் பொருளாக்க நான் விரும்பவில்லை. ஏழைகளுக்கு வீடு வேண்டும், தொழிலாளர் உரிமை காக்கப்பட வேண்டும் என்று மேடைகளில் தொடர்ந்து பேசுகிறவர் அவர். அந்தப் பேச்சை நாங்கள் நம்புகிறோம். அது செயலாவதற்கு எங்கள் பங்கு என்ன என்பதை அறிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மனுவின் உள்ளடக்கத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. வீட்டை மட்டும் கேட்டால் போதும், வேலை நிரந்தரம், கூலி, பணி அடையாள அட்டை போன்றவற்றையும் சேர்த்தால் ஒப்பந்ததாரரின் காதுக்குச் செய்தி போய், மறுநாள் காலை ஆலை வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு சாரார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றொரு சாரார், வேலைக்கு உறுதி இல்லாதவனுக்கு வீடு கிடைத்தாலும் பயனாளி பங்களிப்புத் தொகையை எதைக் கொண்டு கட்டுவான் என்று கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதுவதா, தனித்தனியாக எழுதுவதா என்பது முதற்கேள்வி.

இரண்டாவது கேள்வி இன்னும் அடிப்படையானது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரால், பேசுவதைத் தவிர, இவ்விரண்டு பொருளிலும் உண்மையில் என்ன செய்ய முடியும்? பட்டா வழங்குவது வட்டாட்சியர். வீடு கட்டுவது வாரியம். ஆலையைச் சோதிப்பது தொழிலாளர் துறை. அப்படியிருக்க, அவர் எங்களுக்காக வாதாடினாரா என்பதை எந்த அளவுகோலால் அறிவது? வாடகைக்கு இருப்பவர்களில் பலருடைய வாக்காளர் அட்டை இன்னமும் விருத்தாசலம், திட்டக்குடி என்று சொந்த ஊர் முகவரியிலேயே இருப்பதால், எங்களைத் தம் தொகுதி மக்களாக அவர் கருதுவாரா என்ற தயக்கமும் சிலருக்கு இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பேரவைக் குறிப்பேடு (சென்னை, சொந்த ஊர் நெல்லிக்குப்பம்)

சட்டமன்ற நடவடிக்கைகளை நாளிதழ் ஒன்றுக்காக நெடுங்காலம் எழுதியவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன்.

பேசுவது சிறிய வேலையன்று. ஆனால் எந்த விதியின் கீழ், எந்த நாளில் பேசினார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். ஆளுநர் உரை மீதான விவாதத்தில் பத்து நிமிடம் வீட்டு வசதியைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு அமர்ந்தால், அது அவைக்குறிப்பில் இடம்பெறும். எந்த அதிகாரியும் அதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எழாது. அதே பொருளை வினாவாகக் கொடுத்தால், துறை அலுவலகத்திலிருந்து மாவட்டம் வரை கோப்பு நகர்ந்து, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற விவரம் திரட்டப்பட்டு அமைச்சரின் கைக்கு வந்தாக வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட வினாவானால் அவையிலேயே அமைச்சர் வாய்மொழியாக விடை சொல்வார். துணை வினாவும் கேட்கலாம். துறைக்கான நிதியை அவையிடம் கேட்கும் மானியக் கோரிக்கை வரும் நாளில், அந்த நிதியைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுப்பது மற்றொரு வழி. அது நிறைவேறுவது அரிது என்றாலும், குறிப்பிட்ட குறை ஒன்றைப் பெயர் சொல்லி அவையின் ஏட்டில் ஏற்றிவிடுகிறது. அவசரப் பொருளுக்குக் கவன ஈர்ப்புத் தீர்மானம் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதும் மக்கள் அறியாததுமான ஒன்று, அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர் அவையில் ‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொன்னவற்றைத் தொகுத்து, அவை நிறைவேறினவா என்று பார்ப்பதே அக்குழுவின் பணி. ஆகவே உங்கள் உறுப்பினர் உண்மையாக வாதாடுகிறாரா என்பதை அறிய நான் பரிந்துரைக்கும் அளவுகோல் இதுதான்: அவர் எந்த உறுதிமொழியை வாங்கினார், அதை அடுத்த ஆண்டு மறுபடி எழுப்பினாரா? முதலமைச்சரோ அமைச்சரோ பேரவை விதி 110-இன் கீழ் வெளியிடும் அறிவிப்பின்மீது அப்போது விவாதம் கிடையாது என்பதால், அறிவிப்புக்குப் பிந்தைய இந்தத் தொடர்ச்சி இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

அதிகார எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மனைக்கான சட்டத்தைச் சட்டமன்றம் தானே இயற்றிக்கொள்ள முடியும். தொழிலாளர் சட்டத்தில் ஒன்றியத்தின் சட்டத்தோடு மோதாமல் நடக்க வேண்டும். அந்த எல்லைக்குள்ளேயே நம் சட்டமன்றம் பெரிய காரியங்களைச் செய்திருக்கிறது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற சட்டம் 1981-இல் வந்தது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982-இல் வந்தது. கடை ஊழியர்கள் உட்கார்ந்து வேலை செய்ய இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் 2021-இல் வந்தது. கேரளம் அதை 2018-இலேயே செய்திருந்தது.

எதிர்த்து நிற்பதும் வாதாடுவதன் ஒரு பகுதியே. 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று நம் பேரவையில் நிறைவேறியபோது, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்களும் கிளர்ந்தன. சில நாட்களுக்குள் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தம் கூட்டணியின் அரசையே எதிர்த்து எழுந்து நின்ற அந்த உறுப்பினர்களை நான் மதிக்கிறேன்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறதே, அதிலிருந்து வீடு கட்டித் தரட்டும் என்று மனுவில் எழுத வேண்டாம். அது சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் போன்ற பொதுப் பணிகளுக்கானது.

மறுமொழி 2: வில்லியனூரான் (புதுச்சேரி)

ஒன்றாகக் கேட்பதா, தனித்தனியாகக் கேட்பதா என்ற கேள்விக்கு எங்கள் ஊரின் வரலாற்றிலிருந்து ஒரு பதிலைச் சொல்ல அனுமதியுங்கள்.

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா பஞ்சாலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் படையினர் துப்பாக்கியால் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் இங்கே அஞ்சலி செலுத்துகிறோம். அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற வ. சுப்பையா பிரான்சுக்கே சென்று, அங்கே ஆட்சிக்கு வந்திருந்த மக்கள் முன்னணி அரசிடம் வாதாடினார். 1937-இல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின. ஆசியாவிலேயே முதலில் என்று எங்கள் பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அதே ஆண்டில், எல்லையைத் தாண்டி உங்கள் கடலூரில் நடைமுறையில் இருந்த 1934-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுத்தது. அது 48 மணி நேரமாகக் குறைய 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபது கிலோமீட்டர் சொச்சத் தொலைவில் ஒரே மொழி பேசும் இரண்டு தொழிலாளர்களின் மாலைப் பொழுது வெவ்வேறாக இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், சட்டம் என்பது வெறும் தாள் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை.

பின்னாளில் சுப்பையா புதுச்சேரிச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். ஆனால் எட்டு மணி நேரத்தை வென்ற நாளில் அவருக்குச் சட்டமன்ற நாற்காலி இல்லை என்பதையும், பின்னால் திரண்டு நின்ற ஆலைத் தொழிலாளர்களே அவருடைய பலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மறுமொழி 1-இல் நண்பர் சொன்ன விதிகள் எல்லாம் சரிதான். கேட்கிறவர்கள் சேர்ந்து நின்றால்தான் அந்த விதிகளை எடுத்துப் பயன்படுத்த உறுப்பினருக்குத் துணிவு வரும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். என் தந்தை முதலியார்பேட்டையில் ஆலைத் தொழிலாளி. ஆலையில் நிரந்தர வேலை என்பது அந்தக் காலத்தில் வெறும் சம்பளம் மட்டுமன்று. சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுத்து மனை வாங்கலாம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைக்கும். மளிகைக்கடைக்காரர்கூட ஆலைத் தொழிலாளி என்றால் கணக்கு வைத்துக்கொள்வார். எங்கள் தெருவில் கல்வீடாக மாறிய வீடுகளில் பெரும்பாலானவை அப்படி எழுந்தவையே. 1898-இல் தொடங்கப்பட்டு, நாங்கள் ரோடியர் ஆலை என்று அழைத்த ஏ.எஃப்.டி. பஞ்சாலை, 2011 டிசம்பரின் தானே புயலில் கடுமையாகச் சேதமடைந்து, பிறகு படிப்படியாக முடங்கி, 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. அதன் பிறகு அதே தெருவில் இளைஞர்கள் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் சேமநல நிதிக் கணக்கும் மாறுகிறது. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் சம்பளச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். பெருந்தலைவர் காமராஜர் பெயரிலான கல்வீட்டுத் திட்டம் எங்கள் மாநிலத்தில் இருக்கிறது. மனை உள்ளவர்களுக்கு அது உண்மையிலேயே உதவியிருக்கிறது. மனை இல்லாதவர்கள் இலவச மனைப்பட்டாவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: வேலையைப் பிரித்துவிட்டு வீட்டை மட்டும் கேட்காதீர்கள்.

மறுமொழி 3: முந்திரிக்காடு (பண்ருட்டி வட்டம்)

நான் அமைப்புசாராப் பெண் தொழிலாளர்களிடையே வேலை செய்கிறவள். வில்லியனூர் நண்பர் சொன்ன முடிவுதான் என் முடிவும். ஆனால் ஆலையையே பார்த்திராத எங்கள் பெண்களுக்கு அது வேறு வழியாகப் பொருந்துகிறது.

எங்கள் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைப்பதும் பருப்பின் தோலை உரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வருகைப் பதிவேடு கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, வேலை கொடுக்கிறவர் யார் என்று எழுத்தில் எங்கும் இருக்காது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனிகள் கறுத்து, ரேகை தேய்ந்துபோய், நியாயவிலைக் கடைக் கருவியில் விரல் வைத்தால் பதிவாகாமல் திரும்பி வரும் பெண்களை நான் அறிவேன். தான் உழைத்தாள் என்பதற்கு அவள் கையே சான்றாக இருக்கிறது. அந்தச் சான்றை ஏற்றுக்கொள்ள ஓர் அலுவலகமும் இல்லை.

இந்தப் பெண்கள் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தால் ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி ஆகியவை உண்டு. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1994-இல் தனி வாரியம் வந்தது. அந்த வாரியத்தில் தொடர்ந்து பதிவில் இருப்பவர்கள் சொந்த வீடு கட்டுவதற்கோ, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடியில் வீடு பெறுவதற்கோ 4 லட்சம் ரூபாய் வரை உதவி தரும் திட்டம் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது; நல்ல திட்டமும்கூட. ஆனால் வீடு கட்ட வேண்டுமானால் தொழிலாளியின் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ மனை இருக்க வேண்டும். கிராமங்களில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரும் கலைஞர் கனவு இல்லத் திட்டத்துக்கும் மனையே அடிப்படை. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் தம் மனையில் தாமே கட்டிக்கொள்ளும் பிரிவுக்கும் அப்படியே. ஒவ்வொரு கதவிலும் கேட்கப்படுபவை இரண்டே தாள்கள்: நீ குடியிருக்கும் மண் உன்னுடையது என்பதற்கு ஒன்று, நீ செய்யும் வேலை உன்னுடையது என்பதற்கு ஒன்று. இவ்விரண்டும் இல்லாதவர்களுக்காகத்தான் திட்டங்கள் என்று சொல்கிறோம். இவ்விரண்டும் இருந்தால்தான் திட்டத்துக்குள் வரமுடிகிறது.

மனையையும் கூலியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை எங்கள் மாவட்டத்தின் தென்பகுதியும் அதை அடுத்த காவிரிப் படுகையும் நன்றாக அறியும். பண்ணையாரின் மண்ணில் குடிசை போட்டிருந்த வேளாண் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால், மறுநாள் ‘மனையைக் காலி செய்’ என்று உத்தரவு வரும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டதன் பின்னணியிலும் கூலிப் போராட்டமே இருந்தது. அதன் பின் வந்த 1971-ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமைச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த வேளாண் தொழிலாளர்களையும் கைவினைஞர்களையும் அந்த மனைக்கே உரிமையாளர்களாக்கியது. என் பாட்டிக்கு அந்தச் சட்டத்தில்தான் மனை கிடைத்தது. காலடி மண் சொந்தமான பிறகுதான் கூலி பேசும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காகச் சட்டமன்றம் செய்த வேலை, கூலிக்காகச் செய்த வேலையாகவும் ஆகிவிட்டது.

காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் தலைமையில் 1965-இல் அமைக்கப்பட்டு 1969-இல் அறிக்கை தந்த குழுவை நம் மாவட்டத்தார் நினைவில் வைத்திருக்க வேண்டும். தீண்டாமையையும் பட்டியலின மக்களின் பொருளாதார நிலையையும் ஒரே அறிக்கைக்குள் வைத்து ஆராய்ந்தவர்கள் அவர்கள். யாருக்கு மனை இல்லை என்று எங்கள் வட்டத்தில் ஒரு பட்டியல் எடுத்தால், அதில் சாதியும் கூடவே எழுதப்பட்டுவிடும். உங்கள் மனுவில் அந்த உண்மையைத் தவிர்க்க வேண்டாம்.

நெய்வேலியையும் பாருங்கள். 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்த ஊர்களின் பிள்ளைகள், அதே நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நின்று பணி நிரந்தரம் கேட்டுப் பல்லாண்டுகள் போராடியிருக்கிறார்கள். அவர்களிடம் போய் வீடு தனி, வேலை தனி என்று யாரால் சொல்ல முடியும்?

மீண்டும் கெடிலக்கரை (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா எழுதிய ‘இரண்டு தாள்கள்’ பகுதியை நேற்று மாலை எங்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். வீட்டை மட்டும் கேட்போம் என்றவர்களில் பலர் இப்போது இரண்டையும் சேர்க்க ஒப்புக்கொள்கிறார்கள். கையெழுத்திடுவதில்தான் இன்னும் அச்சம் இருக்கிறது.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மனு கொடுக்கும் போதெல்லாம் ‘நீர்நிலைப் புறம்போக்கு’ என்ற ஒரே சொல்லில் வருவாய்த் துறை மறுத்துவிடுகிறது. 2015 வெள்ளத்தில் அவர்களுடைய வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதும் உண்மை. அவர்களுக்காக எதைக் கேட்பது?

மறுமொழி 4: சங்கிலிக்கல் (சிதம்பரம்)

நில அளவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆட்சேபணை இல்லாத புறம்போக்கு (அரசு நிலம்) என்றால், குடியிருப்போரின் வருமானத்தையும் குடியிருக்கும் காலத்தையும் பார்த்து வரன்முறைப்படுத்திப் பட்டா கொடுக்க அரசாணைகள் உண்டு. ஆறு, ஏரி, வாய்க்கால் ஆகியவை ஆட்சேபணை உள்ள புறம்போக்கில் சேரும். அங்கே அதே இடத்தில் பட்டா கொடுங்கள் என்று கேட்பது பலன் தராது, வெள்ளத்தை நினைத்தால் கேட்பது நல்லதும் அன்று. ஆனால் முதற்படியாக, அவர்கள் குடியிருக்கும் புல எண்களைக் கிராமக் கணக்கில் பார்த்துவிடுங்கள். ஆற்றங்கரை என்று வாய்மொழியாகச் சொல்லப்படும் இடங்களில் சில, கணக்கில் நத்தமாகவோ (ஊர்க் குடியிருப்பு நிலம்) வேறு வகையாகவோ இருப்பதை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் அவர்களை நீர்நிலைப் பட்டியலிலிருந்து பிரித்துத் தனியாக மனு கொடுக்கலாம்.

மற்றவர்களுக்கு மாற்று இடம் கேளுங்கள். கேட்கும்போது தொலைவை எழுதுங்கள். இது மிக முக்கியம். சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது. வீட்டு வேலை, சுமைப்பணி, கடைவேலை என்று பிழைத்த பலர் அந்தப் பிழைப்பை இழந்தார்கள். விடியலுக்கு முன் துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கிறவரை ஊருக்கு வெளியே நெடுந்தொலைவில் குடிவைத்தால், அந்நேரத்தில் அவருக்குப் பேருந்து ஏது? இப்போதைய வேலையிடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் மாற்று மனை என்று எண்ணிட்டுக் கேட்டால், மறுப்பதானாலும் அதிகாரி காரணம் எழுத வேண்டிவரும். மாவட்ட எல்லைக்குள் பயன்படாமல் கிடக்கும் அரசு நிலங்களின் பட்டியலைச் சட்டமன்ற உறுப்பினர் வினாவாகக் கேட்டு வாங்கித் தரலாம். அதைப் பொதுமக்கள் கேட்டுப் பெறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

பட்டாவையோ ஒதுக்கீட்டையோ கணவன், மனைவி இருவர் பெயரிலும் கேளுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளை இருவர் பெயரிலும் தருவதாக அரசு வகுத்த நெறி, நம் கடற்கரைக் குப்பங்களில் பல பெண்களுக்கு வாழ்நாள் பாதுகாப்பாக இருப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 5: பேரவைக் குறிப்பேடு (சென்னை)

ஒரே மனுவா, இரண்டா என்பதற்கு நடைமுறை சார்ந்த ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன். நீங்கள் சட்டமன்ற உறுப்பினரின் கையில் கொடுப்பது கடிதம். அதில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அவர் ஒரு மனிதர், முழு நிலைமையும் அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் பேரவையின் மனுக்கள் குழுவுக்கு அனுப்புவதானால், அக்குழுவின் நெறிமுறைப்படி ஒரு மனு ஒரே பிரச்சினையைப் பற்றியதாகவும் ஒரே துறையைச் சார்ந்ததாகவும் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் உள்ள பொருளையும் தனிநபர் குறைகளையும் அக்குழு ஏற்பதில்லை. தனியாருக்குப் பட்டா கோரும் விண்ணப்பங்களும் அப்படியே. எனவே அங்கே ‘எங்களுக்குப் பட்டா வேண்டும்’ என்று எழுதாமல், தொழிற்பேட்டையை ஒட்டி வாடகைக் குடியிருப்புத் திட்டம் இல்லாமை என்ற பொதுப் பிரச்சினையாகத் தொழிலாளர்களின் வீட்டு நிலையை எழுத வேண்டும். பணி அடையாள அட்டை வழங்கப்படாமையைத் தொழிலாளர் துறைக்குரிய வேறு மனுவாக எழுத வேண்டும்.

கையெழுத்து அச்சத்துக்கும் வழி உண்டு. ஆலையின் பெயரும் தொழிலாளியின் பெயரும் இல்லாமலே, ‘கடலூர் சிப்காட் வளாகத்தில் ஒப்பந்த முறையில் பணிபுரிவோர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பணி நியமன ஆணை வழங்கப்பட்டுள்ளது, கடந்த ஆண்டில் நடந்த ஆய்வுகள் எத்தனை’ என்று உறுப்பினர் வினா கொடுக்கலாம். கடிதத்தில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில், வேலைக்குப் போகாத மூத்தவர்கள் கையெழுத்திடட்டும்.

நியமன ஆணையை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றிணைத்த நான்கு சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு முன்பு 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்குப் பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு 50 ஆக உயர்ந்துவிட்டது. இது நமக்கு இழப்பு, எதிர்த்துப் பேசப்பட வேண்டியது. ஆனால் அதே தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் எழுத்தில் நியமன ஆணை தர வேண்டும் என்றும் சொல்கிறது. சகோதரி சொன்ன இரண்டாவது தாள் அதுதான். 480 நாள் கணக்கை மெய்ப்பிக்கவும் அதுவே தொடக்கம். கட்டடத் தொழிலாளர்களுக்கு வேலை நடக்கும் இடத்திலேயே இலவசத் தங்குமிடம் தர வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் சட்டம் வேலை கொடுப்பவர்மீது கடமை சுமத்தியிருந்தது. அந்தச் சட்டம் தொகுப்புகளுக்குள் கரைக்கப்பட்டுவிட்டதால், அந்தக் கடமையை மாநில விதிகளில் தெளிவாக எழுதச் செய்வது இப்போது சட்டமன்ற உறுப்பினர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை என்று கருதுகிறேன்.

வாக்காளர் அட்டை பற்றிய உங்கள் தயக்கத்துக்கு: வேறு ஊரில் வாக்குள்ளவர்களுக்காக வினா கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆயினும் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் சேர்க்கப் படிவம் கொடுப்பது அவர்களுடைய உரிமை. அதையும் இப்போதே செய்துவிடுவது நல்லது.

வினாக்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு அவரைப் பார்ப்பதில் பயனில்லை. வரைவு தயாரானதும் பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே பதியுங்கள். வினாவாக மாற்றக்கூடிய பகுதிகளை அவைவிதிக்கு ஏற்ற வாசகத்தில் எழுதித் தருகிறேன்.